குளிர் நாளில் வைத்த குழாய்கள்

பெங் யூலியன் அக்காவின் வேலை என்னவென்று சொன்னால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள். எறும்புக்கு உருளைக்கிழங்கு வறுவல் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருப்பது. அதற்குத்தான் சம்பளம்.

விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் ஒரு வறுவல் துண்டு. குளக்கரை, வரப்பு, நாற்றுப்பண்ணை, பள்ளி மைதானம் என்று எங்கே அனுப்பினாலும் பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தரையில் படுக்கவைக்க வேண்டும். அரை மணி கழிந்ததும் மூடியைத் திருகி, எண் ஒட்டி, எங்கள் ஆய்வகத்துக்கு எடுத்துவர வேண்டும். நான் அவற்றை உறைபெட்டியில் வைத்து, செத்த எறும்புகளைத் தட்டில் கொட்டி, லென்ஸுக்கு அடியில் பார்த்து, உள்ளூர் எறும்பா நெருப்பெறும்பா என்று எழுதி முத்திரை குத்துவேன். எங்கள் தாவ்யுவான் வட்டாரத்தின் கடலோரப் பக்கத்தில் இருபது வருடமாக இதுதான் நடக்கிறது. நெருப்பெறும்பு எங்கோ ஒரு கண்டத்திலிருந்து கப்பலில் வந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை.

ஓர் இடத்தில் அது இருப்பதாக நான் முத்திரை குத்தினால் அங்கிருந்து ஒரு கைப்பிடி மண்கூட வெளியே போகக்கூடாது. புல்லோ தொட்டியோ எதுவானாலும் அப்படித்தான். விஷ இரை போடுவார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. தொடர்ந்து மூன்று சோதனைகளில் குழாய்கள் சுத்தமாக வந்தால் தடை நீங்கும்.

மற்ற சோதனைக்காரர்கள் குழாய்களை வைத்துவிட்டு வண்டிக்குள் ஏறிக்கொள்வார்கள். சிகரெட், கைப்பேசி, தூக்கம். யூலியன் அக்கா மட்டும் மடக்கு முக்காலியை விரித்து ஒரு குழாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஐம்பத்து நான்கு வயது. குட்டையான உருவம், வெயிலுக்குப் பூப்போட்ட துணியால் கழுத்துவரை மூடிய தொப்பி, முழங்கால் மேல் ஒரு பள்ளிக்கூட நோட்டு. முதலில் ஒற்றை எறும்பு வந்து வறுவலைத் தொட்டுவிட்டு, வயிற்றுநுனியைத் தரையில் இழுத்துக்கொண்டே திரும்பி ஓடும். நாலு நிமிடத்தில் பத்து வரும். பதினைந்து நிமிடத்தில் குழாய்க்குள் வறுவல் தெரியாது. அவள் ஒவ்வொன்றையும் மணி பார்த்து எழுதுவாள். எழுதச் சொல்லி யாரும் அவளைக் கேட்டதில்லை.

சோதனை வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கோ, வண்டி ஜன்னலிலிருந்து தலையை நீட்டிக் கிண்டல் செய்வார்.

"அக்கா, எறும்ப எண்ணத்தான் சொன்னாங்க. அதுகூட சம்பந்தம் பேசச் சொல்லல."

"உன்கிட்ட பேசறத விட இதுகிட்ட பேசலாம். இதுங்களாவது தூங்காது."

ஆய்வகத்துக்கு வரும்போது கண்டதையெல்லாம் என்னிடம் சொல்வாள். நான் அதிகம் பேசமாட்டேன். அதனாலேயே அவளுக்கு என்னைப் பிடித்திருக்க வேண்டும். புயலில் குளம் நிரம்பிய நாளில் மேட்டிலிருந்த அத்தனை எறும்பும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தெப்பமாக மிதந்ததையும், ராணி நடுவில் நனையாமல் இருந்ததையும் சொன்னாள். செத்த எறும்பை இரண்டு நாள் வரை யாரும் சீண்டுவதில்லை, அதன் வாசம் மாறிய பிறகுதான் ஒன்று வந்து தூக்கிப்போய், மேட்டுக்கு ஒரு சாண் தள்ளியிருக்கும் குப்பையில் போடும் என்றாள். ஒருநாள் ராணிகளைப் பற்றிச் சொன்னாள்.

"ஆரம்பத்துல அஞ்சாறு ராணி சேந்து ஒரே குழி தோண்டும் பொண்ணு. தனியா இருந்தா செத்துப்போயிடும்ல. எல்லாரும் முட்டை போடுவாங்க, எல்லாரும் எச்சில் ஊட்டி வளப்பாங்க. முதல் கூட்டம் வேலைக்காரங்க வெளிய வந்ததும் அதுங்களே ஒருத்திய மட்டும் வச்சுக்கிட்டு மத்த ராணிங்கள கடிச்சுக் கொன்னுடும். பெத்தவளா இருந்தாலும்."

"ஏன் அக்கா?"

"வீடு ஓட ஆரம்பிச்சாச்சு. அப்பறம் அவ எதுக்கு?"

நான் அதை எறும்பைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு யூசுன் என்று ஓர் அக்கா இருந்தது எனக்கு அப்போது தெரியாது. கீழே எழுதுவதில் பெரும்பகுதி அவளே பிறகு எனக்குச் சொன்னது.

பெங் வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் யூசுன், அடுத்து மகன் ஷெங்காய், கடைசி யூலியன். யூசுன் பதினைந்து வயதில் நூற்பாலைக்குப் போனாள். அவள் அனுப்பிய பணத்தில்தான் ஷெங்காய் வேளாண் பள்ளி முடித்தார், பண்ணைக்கு முதல் நிலம் வாங்கினார். யூசுன் இருபத்தோரு வயதில் ஆலை விடுதியில் ஈரல் நோயில் கிடந்து செத்துப்போனாள். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஹக்கா இன வீடுகளில் கல்யாணமாகாமல் செத்த பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுப் பூசைமேடையில் ஏறாது. அவள் சாம்பல் குலத்தின் சாம்பல் மண்டபத்துக்குள் போகாது. அவள் வேறொரு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள், போகவில்லை, அதனால் எங்கேயும் இல்லை. யூசுனின் சாம்பல் ஜாடி, அப்படிச் செத்த பெண்களுக்காக ஊர்க் குளக்கரையில் இருக்கும் கன்னியர் கோயிலின் அலமாரியில், முன்பின் தெரியாத பெண்களின் ஜாடிகளுக்கு நடுவே, முப்பத்தெட்டு வருடமாக இருக்கிறது.

யூலியன் அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த அப்பாவைப் பன்னிரண்டு வருடம், அப்புறம் அம்மாவை ஏழு வருடம் பார்த்துக்கொண்டதில் அந்த வயது போய்விட்டது. தனக்கு எங்கே இடம் என்று அவள் ஒருமுறையும் கேட்டதில்லை. யூசுனுக்கு ஓர் இடம் வேண்டும் என்று மட்டும் ஒவ்வொரு வருடமும் அண்ணனிடம் கேட்டாள். இப்போதெல்லாம் சில குலங்களில் விதியை மாற்றிவிட்டார்கள், கல்யாணமாகாத அத்தைகளையும் உள்ளே சேர்க்கிறார்கள் என்று பேப்பரில் வந்ததை வெட்டி எடுத்துப்போய்க் காட்டினாள்.

"அது அவங்க குலம்" என்றார் ஷெங்காய்.

அந்த வருடம் பெங் குலத்தின் சாம்பல் மண்டபத்தைப் புதுப்பிக்க முடிவாயிற்று. ஜாடிகள் வைக்கப் புதிய அறைகள், புதிய கருங்கல் பெயர்ப்பலகை. பிப்ரவரி வாக்கில் வரும் எங்கள் சந்திரப் புத்தாண்டு முடிந்து கல்லறை வழிபாட்டுக்குள் பெயர்களைச் செதுக்கி மூடிவிட்டால், அவர்கள் வழக்கப்படி பன்னிரண்டு வருடத்துக்குத் திறக்கமாட்டார்கள். அதற்கான குழுவின் தலைவர் ஷெங்காய். யூலியன் அக்காவுக்கு அப்போது வேறு எந்த நினைப்பும் இல்லை. இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை அவளுக்கு அறுபத்தாறு வயது.

டிசம்பரில், குளிர்கால நடுநாள் பண்டிகைக்கு வழக்கம்போல அண்ணன் வீட்டில் சாப்பாடு. அரிசி உருண்டைக்குப் போடக் கடுகுக்கீரை பறித்துவர அண்ணி அவளைப் பின்பக்கம் அனுப்பினாள். பண்ணை முழுக்கப் புத்தாண்டுக்கான தங்க நாரத்தைத் தொட்டிகள். நெல்லிக்காய் அளவில் மஞ்சள் பழங்கள் குலைகுலையாகத் தொங்கின. எங்கள் பக்கத்தில் புத்தாண்டுக்கு வாசலில் ஒரு ஜோடியாவது வைக்காத கடை கிடையாது. அந்தப் பண்ணையில் போன வருடம் நெருப்பெறும்பு கண்டு தடை போட்டிருந்தார்கள். இரண்டு சோதனை சுத்தமாக முடிந்திருந்தது. மூன்றாவது, ஜனவரி நடுவில்.

கறுப்பு நிழல்வலைக்கு அந்தப் பக்கம் சொட்டுநீர்க் குழாயின் முடிவில், மண் தூவினதுபோல் பொலபொலவென்று மூன்று மேடுகள் இருந்தன. அவள் ஒரு குச்சியை எடுத்து ஓரமாகக் குத்திவிட்டுக் கையை எடுத்தாள். மூச்சு விடுவதற்குள் குச்சி சிவப்பாயிற்று. கீரையைப் பறிக்காமலேயே சமையலறைக்குத் திரும்பினாள்.

"அண்ணே, வலைக்குப் பின்னால இருக்கு."

"எது?"

"அதுதான்."

அண்ணி அடுப்பை அணைத்தாள். ஷெங்காய் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு தடவ ஒண்ணுமில்லன்னு வந்துச்சே?"

"அப்ப இல்ல, இப்ப இருக்கு. தொட்டிக்குப் புது மண்ணு எங்கேருந்து எடுத்த?"

அவர் பண்ணைப் பக்கம் கையைக் காட்டினார். "அறுநூத்தி நாப்பது தொட்டி. புத்தாண்டு போச்சுன்னா பழம் எல்லாம் உதிந்திடும். அப்பறம் வெறும் குச்சி. யாருக்கு விக்கறது?"

"இரை போடச் சொல்லி எழுதிக் குடுக்கலாம். மூணு மாசத்துல..."

"மூணு மாசம் கழிச்சு யாரு வீட்டுல புத்தாண்டு?" என்றாள் அண்ணி. "இந்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டு இந்த வீட்டையே காட்டிக்குடுக்க வந்திருக்கா பாரு."

"நீ சும்மா இரு" என்றார் ஷெங்காய். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தங்கையிடம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "லியன், குளிர்ல அது வெளிய வராதுன்னு நீதானே சொன்ன?"

யூலியன் அக்கா திகைத்துப்போனாள். என்றோ ஒருநாள் இதே மேசையில் சொன்னதுதான். வெப்பம் பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் நெருப்பெறும்பு மேலே வராது, முட்டைகளை ஆழத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும், வெல்லத்தையே கொட்டினாலும் சீண்டாது என்று. அப்போது அவர், சாப்பிடும்போது பூச்சிப் பேச்சை விடமாட்டாயா என்று எரிந்து விழுந்தார்.

"முப்பது வருஷத்துல நான் சொன்னது எதுவும் அவரு காதுல விழுந்ததில்ல" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "அது ஒண்ணுதான் விழுந்திருக்கு."

"நான் பொய் எழுதமாட்டேன்ணே."

"யாரு பொய் எழுதச் சொன்னா? உள்ளத உள்ளபடி எழுது. குழாய் காலியா இருந்தா காலின்னு எழுது. என்னிக்கு வந்து வைக்கறதுங்கறது உன் இஷ்டந்தானே?"

ஷெங்காய் அவள் கிண்ணத்தில் இரண்டு அரிசி உருண்டையை எடுத்துப் போட்டார். அவர் தன் கையால் அப்படிப் போட்டது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"யூசுன் விஷயத்த இந்தத் தடவ குழுவுல வைக்கறேன். கீழ் வரிசையில அம்மா அறைக்கு ரெண்டு தள்ளி ஒண்ணு காலியா இருக்கு. நான் சொன்னா ஒம்போது பேரும் தலையாட்டுவாங்க."

"நிஜமா சொல்றியா?"

"நான் எப்ப பொய் சொன்னேன்?"

அந்த உருண்டைகளைச் சாப்பிட்டேன் என்று என்னிடம் சொன்னாள்.

ஜனவரியில் குளிர்க்காற்று வருவதாக வானிலை அறிக்கை சொன்னது. அதற்கு முந்தின நாள் அவள் கோவிடம், நாளைக் காலை பெங் பண்ணைக்குத் தான் போவதாகச் சொன்னாள்.

"உங்க அண்ணன் பண்ணைதானே அக்கா? வேற ஆள அனுப்பவா? யாராவது ஏதாவது சொல்லப்போறாங்க."

"இந்த ஊர்ல பெங் இல்லாத பண்ணை எது? நீ காட்டு, நான் அங்க போறேன்."

கோ சிரித்துவிட்டார். அவருக்கு மாதக் கடைசிக்குள் எல்லாச் சோதனையும் முடிந்தால் போதும்.

காலை ஏழு மணிக்குக் கடல்காற்று தகரக்கூரைகளைத் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்ததாம். நாற்பத்தெட்டுக் குழாய்களை ஒழுங்காகப் பத்து மீட்டருக்கு ஒன்றாக வைத்தாள். அதில் மூன்றை வலைக்குப் பின்னால் வைத்தாள். வைக்காமல் விடலாம் என்று அண்ணி சொன்னதைக் கேட்கவில்லை. அன்றும் முக்காலியை விரித்து, மூன்று மேட்டுக்கு நடுவில் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். ஒன்றுகூட வரவில்லை. வறுவல் ஈரத்தில் ஊறித் தொய்ந்தது. நோட்டில் எழுத எதுவும் இருக்கவில்லை.

பத்து மணிக்கு அவள் என் மேசையில் பெட்டியை வைத்தபோது மூக்கு சிவந்திருந்தது. நாற்பத்தெட்டுக் குழாயும் காலி. உள்ளூர் எறும்புகூட ஒன்றும் இல்லை. இந்த வேலைக்கு வந்த மூன்று வருடத்தில் அப்படி ஒரு பெட்டியை நான் பார்த்ததில்லை. படிவத்தை எடுத்தேன். அவளுடைய குண்டுக் கையெழுத்தில் நேரம் 7.10, வெப்பம் 11 என்றிருந்தது. பதினைந்துக்குக் கீழே சோதனையைத் தவிர்ப்பது நல்லது என்று எங்கள் கையேட்டில் ஒரு வரி உண்டு. "நல்லது" என்றுதான் இருக்கிறது, "கூடாது" என்று இல்லை.

"இன்னிக்கு ரொம்பக் குளிருல்ல அக்கா?"

"ஆமா. எழுதியிருக்கேனே."

சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எறும்பைப் பற்றி எதுவும் சொல்லாமல் அவள் என் எதிரில் நின்றது அதுவே முதல் தடவை. நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்த வாரம் வேறு இரண்டு பேரும் குளிரில்தான் வைத்தார்கள், இவளை மட்டும் ஏன் கேட்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முத்திரையைக் குத்தினேன்.

தடை நீங்கியது. தங்க நாரத்தைத் தொட்டிகள் நாலு நாளில் லாரி லாரியாகப் போயின.

புத்தாண்டின் முதல் மாதம் பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா முடிந்து விளக்குகளை இறக்கிய மறுநாள், குலக் கூடத்தில் குழு கூடியது. பெண்களுக்கு உள்ளே இடமில்லை. யூலியன் அக்கா மற்றவர்களோடு பின்கட்டில் அரிசி அப்பம் வேகவைத்துக்கொண்டு, கதவோரத்து அடுப்பை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு, காதை உள்ளே வைத்திருந்தாள். கூரை ஓட்டின் நிறம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். வண்டி நிறுத்துமிடம், கருங்கல், மின்விளக்கு. நடுவில் யாரோ ஒரு சித்தப்பா காது கேட்கும் கருவியில் பேட்டரி தீர்ந்துபோய் எல்லாவற்றுக்கும் "வேணாம், வேணாம்" என்று கத்திக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலிகளை இழுக்கும் சத்தம். எல்லோரும் சாப்பிட வந்துவிட்டார்கள்.

அவள் அப்பத்தட்டோடு அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, அக்கா விஷயம்?"

"நேரமாயிடுச்சு. பாத்தேல்ல, அந்தச் சித்தப்பாவ வச்சுக்கிட்டு என்ன பேசறது?"

"பேர் செதுக்கறது எப்ப?"

"நாளன்னிக்கு ஆளு வர்றான்."

"அப்ப இன்னிக்கு விட்டா..."

"லியன், கொஞ்சம் யோசி." குரலைத் தாழ்த்தினார். "யூசுன உள்ள விட்டா ஒவ்வொரு வீட்டுலேருந்தும் ஒரு அத்தைய தூக்கிட்டு வருவாங்க. அப்பறம் நீ. அப்பறம் உன்ன மாதிரி இன்னும் ஆறு பேரு. எங்கேருந்து இடம்? அவ அங்க நல்லாத்தானே இருக்கா. கூட்டமா இருக்கு, பேச்சுத்துணைக்கு ஆளு இருக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் பாத்திரம் கழுவப் போனாள். வேர்க்கடலைத் தொலி போட்டிருந்த காகிதம் குழுவின் நிகழ்ச்சி நிரல். துடைத்து விரித்துப் படித்தாள். ஆறு விஷயங்கள் அச்சடித்திருந்தன. யூசுனின் பெயர் அதில் எந்த வரியிலும் இல்லை. நேரம் போதாததால் விட்டுப்போனது இல்லை அது. தொடக்கத்திலிருந்தே இல்லை.

அதற்குப் பிறகு ஏப்ரல் வரை அவள் வேலைக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். நோட்டில் எதுவும் எழுதுவதில்லை என்று கோ சொன்னார். "அக்கா வண்டியில ஏறித் தூங்குது. கடைசியில திருந்திடுச்சு."

ஏப்ரலில் ஒரு திங்கள்கிழமை அவள் ஆய்வகத்துக்கு வந்து பெட்டியை மேசைமேல் வைத்தாள். நாற்பத்தெட்டுக் குழாய். முப்பத்தொன்றில் வறுவல் தெரியாத அளவுக்கு எறும்பு. உறைபெட்டியில் வைக்காமலே தெரிந்தது. படிவத்தில் பெங் ஷெங்காய் பண்ணை, ஞாயிறு காலை 9.30, வெப்பம் 26 என்று இருந்தது. ஷெங்காய் வெளியூர் போயிருந்த நேரம். வழக்கமான சோதனை என்று நினைத்து அண்ணி தேநீர்கூடக் கொடுத்தாளாம்.

"இதுக்கு வேலை எண் இல்லையே அக்கா. யாரு அனுப்பினது?"

"யாரும் அனுப்பல. நானேதான் வச்சேன்."

எண் இல்லாத பெட்டியை நான் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். அதுவும் விதிதான்.

"இத பதிவுல ஏத்தினா ஜனவரி படிவத்தையும் எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. பதினோரு டிகிரின்னு இருக்கு. வேலை போயிடும்."

"பாக்கட்டும்னுதானே கொண்டு வந்திருக்கேன்."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். யூசுன், அரிசி உருண்டை, கடலைத்தொலிக் காகிதம் எல்லாம். அழவில்லை. குழாய் எண்களைச் சரிபார்ப்பதுபோல் வரிசையாகச் சொன்னாள். இத்தனை நாள் கழித்தாவது மனசு கேட்கவில்லையே என்பதுபோல் நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லப்போனேன். கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"நான் நல்லவளாயிட்டேன்னு நெனைக்காத பொண்ணு. அவரு சொன்ன சொல்லக் காப்பாத்தியிருந்தா நான் வாயே தொறந்திருக்கமாட்டேன். தாவ்யுவான் பூரா ஊர்ந்தாலும் தொறந்திருக்கமாட்டேன். அதையும் எழுதணும்னா எழுதிக்க."

அந்தப் படிவத்தில் அதை எழுத இடமில்லை. நான் எண்ணை மட்டும் எழுதினேன். முப்பத்தொன்று.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பண்ணைக்கு மறுபடியும் தடை, அபராதம். விற்ற தொட்டிகளைத் தேடிக்கொண்டு மூன்று ஊர்களுக்கு ஆட்கள் போனார்கள். பழம் உதிர்ந்ததும் எங்கள் மக்கள் அந்தச் செடியைத் தூக்கிப்போடாமல் எங்காவது மண்ணில் நட்டுவைப்பார்கள், அடுத்த வருடம் காய்க்கும் என்று. அப்படி நட்ட ஒன்பது இடங்களில் நெருப்பெறும்பு கிடைத்தது. ஒன்று ஒரு மழலையர் பள்ளியின் வேலியோரம். அங்கே புல் பிடுங்கிக்கொண்டிருந்த துப்புரவுக்காரப் பெண்மணி இரண்டு கையிலும் கடிபட்டு, தொண்டை வீங்கி, நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த ஒன்பது இடத்துக் குழாய்களையும் நான்தான் பிரித்தேன்.

யூலியன் அக்காவுக்கு வேலை போயிற்று. கோ அவள் முகத்தைப் பார்க்காமல் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி வெப்பநிலைக் கட்டத்தைக் கவனமாகப் பார்க்கவும் என்று அதில் இருந்தது. அவ்வளவுதான். நான் இன்னும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவளைத் திரும்பப் பார்த்தது அடுத்த வருடம், கல்லறை வழிபாட்டு நாளில். பெங் குலத்தார் புதுச் சாம்பல் மண்டபத்தில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் குளத்தைத் தாண்டிக் கேட்டது. அவள் கன்னியர் கோயிலில் இருப்பாள் என்று நினைத்துப் போனேன், இருந்தாள். சாப்பாட்டுக் கடை ஒன்றில் காய் நறுக்கும் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். விரல்களில் பச்சை வெங்காய வாசம். யூசுனின் ஜாடியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜாடியில் ஒட்டியிருந்த படத்தில், காது மறையக் கத்தரித்த முடியோடு ஒரு பெண் யாரையோ கேலி செய்யப்போவதுபோல் வாயைக் கோணலாக வைத்திருந்தாள்.

"இவ போகும்போது எனக்குப் பதினாறு வயசு" என்றாள். "வருஷத்துக்கு ரெண்டு தடவதான் வீட்டுக்கு வருவா. என்ன பேசுவான்னு யோசிச்சுப் பாக்கறேன், சரியா ஞாபகம் வரமாட்டேங்குது. அந்த மண்டபத்துக்குள்ள போகணும்னு இவளுக்கு ஆசை இருந்துச்சான்னுகூட எனக்குத் தெரியாது. நானா முடிவு பண்ணிட்டேன்."

ஜாடியை மேலே வைத்து, படம் வெளியே பார்க்கும்படி திருப்பினாள்.

"அண்ணன் ஏதாவது பேசினாரா அக்கா?"

"என்கிட்ட பேசல. அண்ணி எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கா. குலத்துப் பேரேட்டுலேருந்து என் பேர வெட்டிடறதா அவரு குழுவுல சொன்னாராம். புத்தகத்த எடுத்துப் பாத்திருக்காங்க." துணியைப் பிழிந்து உதறினாள். "வெட்டறதுக்கு அதுல என் பேரே இல்ல. பொண்ணுங்க பேர அவங்க எழுதறதே கிடையாதே."

அக்கரையில் இரண்டாவது சரம் வெடித்து அடங்கியது. பதினொன்றரைக்குக் கடையில் கூட்டம் தொடங்கிவிடும் என்று சொல்லி, வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.